இரண்டு முதுகுப்பைகளும் ஒரு கைரிக்‌ஷாவும்

2008ஆம் ஆண்டு ஜூலையில் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு முதுகுப்பையுடன் ஹௌரா மெயிலில் ஏறினோம். வங்கம் எங்களுக்கு மொழிபெயர்ப்புகளின் வழியாகவே அறிமுகம். 'ஆரோக்கிய நிகேதன'த்தை த. நா. குமாரஸ்வாமியின் தமிழிலும், 'நீலகண்டப் பறவையைத் தேடி'யை சு. கிருஷ்ணமூர்த்தியின் தமிழிலும் படித்துவிட்டு, அந்த மண்ணை நன்கறிந்தவர்கள் போலப் பேசித் திரிந்த காலம் அது. இரண்டுமே கிராமங்களின் கதைகள் என்பது, ஹௌரா நிலையத்தை விட்டு வெளியே வந்து, 1943இல் திறக்கப்பட்ட அந்த இரும்புப் பாலத்தின்மீது விரைந்த மனிதவெள்ளத்தைக் கண்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது. தலைச்சுமைக்காரர்கள் எங்களை இடித்துக்கொண்டு கடந்தார்கள். பாலத்தின் அடியில் மல்லிக் காட் பூச்சந்தையிலிருந்து செவ்வந்தி வாசனை வந்தது.

சட்டர் தெருவில் தங்கினோம். வெளிநாட்டுப் பயணிகள் மலிவான அறை தேடி வரும் தெரு. அவர்களுக்கு நடுவில் முதுகுப்பையுடன் நின்ற எங்கள் இருவரையும் விடுதிக்காரர் சற்றுச் சந்தேகத்துடனேயே பார்த்தார். முதல் இரண்டு நாட்களும் ஊர்சுற்றிகளுக்குரிய கடமைகளில் கழிந்தன. விக்டோரியா நினைவகம் எங்களைக் கவரவில்லை. அவ்வளவு பளிங்கும் யாருடைய பணம் என்ற எண்ணம் உடன் வந்துகொண்டே இருந்தது. ஜோராசாங்கோவில் மட்டும் நெடுநேரம் இருந்தோம். 1861இல் தாகூர் பிறந்ததும் 1941இல் மறைந்ததும் அதே வீட்டில்தான்.

மூன்றாம் நாள் இரவு சியால்தாவிலிருந்து டார்ஜிலிங் மெயில். காலையிலேயே அறையைக் காலி செய்துவிட்டு, பைகளைச் சுமந்தபடி காலேஜ் தெருவுக்குப் போனோம். பழைய புத்தகக் கடைகளில் மூன்று மணி நேரம் அலைந்து, ஒரெழுத்துக்கூட வாசிக்கத் தெரியாத எங்கள் கையில் 'ஆரோக்கிய நிகேதன'த்தின் வங்க மூலத்தை வாங்கி வைத்துக்கொண்டபோது எங்களுக்கே சிரிப்பு வந்தது. பிறகு காபி ஹவுஸ். 1958 முதல் ஊழியர்களின் கூட்டுறவுச் சங்கமே அதை நடத்துகிறது. பால் சேராத காபியை அங்கே இன்ஃப்யூஷன் என்கிறார்கள். கும்பகோணத்து நாக்குக்கு அது காபியே அல்ல. இருந்தும் அந்தக் கூடத்தின் இரைச்சலுக்காக இரண்டு முறை குடித்தோம். வெளியே மழை வலுத்துக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. இறங்கும்போது எங்களில் மூத்தவரின் கால் படிக்கட்டில் பிசகியது.

தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர். ட்ராம்கள் நின்ற இடத்திலேயே நின்றன. (2024 செப்டம்பரில் மாநில அரசு, எஸ்பிளனேட் – மைதான் தடம் தவிர்த்து ட்ராம்களை நிறுத்தப்போவதாக அறிவித்த செய்தியைப் படித்தபோது, நீரில் வரிசையாக நின்ற அந்தப் பெட்டிகளே நினைவில் வந்தன.) டாக்சிகள் நிற்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தவை கைரிக்‌ஷாக்கள் மட்டுமே.

அவற்றில் ஏறுவதில்லை என்று ஊரிலேயே முடிவு செய்திருந்தோம். பிமல் ராயின் 'தோ பீகா ஜமீன்' படத்தில், நிலத்தை மீட்பதற்காகக் கல்கத்தா வந்து ரிக்‌ஷா இழுக்கும் பல்ராஜ் சஹானியைப் பார்த்தவர்கள் நாங்கள். மனிதனை மனிதன் இழுப்பது இழிவு என்று சொல்லி, 2006 டிசம்பரில் மேற்கு வங்கச் சட்டமன்றமும் அதற்கு முடிவுகட்டும் திருத்தத்தை நிறைவேற்றியிருந்தது. ஆனால் வண்டிகள் தெருவை விட்டுப் போகவில்லை.

விரலில் கோத்த மணியை நுகத்தடியில் தட்டிக்கொண்டு ஒருவர் எங்கள் அருகில் வந்து நின்றார். எங்கள் தகப்பனார்களின் வயதிருக்கும். சியால்தாவுக்கு எண்பது ரூபாய் என்றார். எங்களில் இளையவர் கையெடுத்து மறுத்தார். மூத்தவர் தம் வீங்கிய காலைக் காட்டினார்.

"இவ்வளவு வயதானவர் இழுக்க, நாம் மேலே உட்கார்ந்து போவதா?"

"உன் மனசாட்சியை என் கால் சுமக்க வேண்டுமா?"

நடுத்தெருவில், நீரில் நின்றபடி, தமிழில் உரக்கச் சண்டையிட்டோம். நகரங்களைப் பார்க்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட முதல் தருணம் அதுதான் போலும். அந்தப் பெரியவர் பொறுமையாக இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, எங்களுக்கும் புரியும்படியான எளிய இந்தியில், "சரி பாபு, அறுபது கொடுங்கள்" என்றார்.

கூலிக்குத்தான் பேரம் பேசுகிறோம் என்று நினைத்துவிட்டார். எங்கள் அறத்தின் விலையாக இருபது ரூபாயை அவர் இழந்திருந்தார்.

அதற்குப்பின் இருவரும் பேசவில்லை. மூத்தவர் ஏறினார், பைகள் இரண்டும் அவர் மடியில். இளையவர் பின்னால் நடந்தார். ஓரிடத்தில் மனம் கேளாமல் வண்டியைத் தள்ளவும் செய்தார். பெரியவர் நின்று, தள்ளினால் பாரம் முன்னால் சாய்கிறது, கையை எடுங்கள் என்று அதட்டினார். அந்த வண்டி இரண்டு சக்கரங்களின் மீது அவருடைய கைகளின் கணக்கில் நிற்பது. அதில் எங்கள் இரக்கத்துக்கு இடமில்லை. தண்ணீருக்கடியில் மூடியில்லாத சாக்கடைக் குழிகள் எங்கெங்கே இருக்கின்றன என்பது அவருடைய வெறுங்காலுக்குத் தெரிந்திருந்தது. இளையவர் அவர் போன தடத்திலேயே அடியெடுத்து வைத்து வந்தார்.

சியால்தாவில் நூறு ரூபாய் கொடுத்தோம். அவர் அதை இடுப்பில் செருகிக்கொண்டார். நன்றி சொல்லவும் இல்லை, வியக்கவும் இல்லை. நிலையத்தின் வாசலில் நனைந்து நின்ற ஒரு குடும்பத்தை நோக்கி மணியைத் தட்டிக்கொண்டு போனார்.

ரயிலில் எதிரெதிர்ப் படுக்கைகள். போல்பூர் வரும்வரை விழித்தே கிடந்தோம். வண்டி அங்கே நின்றபோது இருட்டில் மூத்தவர் கேட்டார்: "அவருக்கு எந்த ஊர் என்று கேட்டாயா?"

"இல்லை. நீங்கள்?"

"கேட்கத் தோன்றவில்லை."

பையைத் திறந்து பார்த்தோம். வங்கப் புத்தகத்தின் ஓரங்கள் ஊறியிருந்தன. பக்கங்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, ஜன்னலோரம் அதை விரித்து வைத்தோம்.