நாற்பது மீட்டர்

சூப்பர்ஜூம் காம்பாக்ட்டை விட்டு மிரர்லெஸ் கேமராவுக்கு ஏன் மாறினீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: சென்சார். சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சின்ன கேமராவுக்குள் இருப்பது 1/2.3 அங்குலச் சென்சார். அதன் பரப்பு ஏறக்குறைய 28 சதுர மில்லிமீட்டர். ஆரம்ப நிலை மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் 23.5 மி.மீ. அகலம், 15.6 மி.மீ. உயரம். பரப்பு 366 சதுர மில்லிமீட்டர். பதின்மூன்று மடங்கு. ஜூமை முழுதாக நீட்டினால் சின்ன கேமராவின் துளை எஃப் 6.4க்குச் சுருங்கிவிடும், அந்தி சாய்ந்தபின் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகிவிடும் என்பேன். மிரர்லெஸ்ஸோடு வரும் கிட் லென்ஸும் நீட்டினால் எஃப் 5.6தானே என்று யாராவது மடக்கினால், சென்சார் பெரிதாக இருப்பதால் அந்தக் குறை தெரியாது என்று விளக்குவேன்.

கணக்கில் பிழை இல்லை. நான் கேமரா மாற்றியதற்கு அது காரணமும் இல்லை. இதே கணக்கை, கேமரா வாங்க நினைத்த என் அக்கா மகனிடமும் சொல்லி, அவன் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டதைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சூப்பர்ஜூமை வாங்கியபோதும் என்னிடம் ஒரு நல்ல காரணம் இருந்தது. எங்கள் ஊர் திருவண்ணாமலையின் கார்த்திகை தீபம். மலை 2,668 அடி உயரம். உச்சியில் செப்புக் கொப்பரையில் ஆயிரக்கணக்கான கிலோ நெய் ஊற்றி, காடாத் துணியில் திரி போட்டு, பர்வதராஜகுலத்தார் மாலை 6 மணிக்குத் தீபம் ஏற்றுவார்கள். கீழே கோயில் கொடிமரத்தருகே அர்த்தநாரீஸ்வரர் ஆடிக்கொண்டே வந்து, சில நிமிடங்களில் உள்ளே போய்விடுவார். அந்த நேரத்தில் ஊரிலிருந்தபடியே கொப்பரையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவர 30 மடங்கு ஜூம் வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். மனைவியும் ஒப்புக்கொண்டாள். வாங்கிய வருடம் எடுத்த தீபப் படத்தில், கரும் பின்னணியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு திட்டு இருந்தது. அது எதன் படம் என்று சொன்னால்தான் தெரியும்.

ஆனால் அன்றைக்கு எனக்கு வேறொன்று கிடைத்தது. தீபம் ஏறும் நேரத்தில் இந்த ஊரில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே திசையில் பார்ப்பார்கள். கை தலைக்கு மேல் இருக்கும், வாய் அரோகரா சொல்லும், கண்ணில் நீர் வழிவது கூடப் பலருக்குத் தெரியாது. நான் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேமராவை அந்த முகங்கள் பக்கம் திருப்பினேன். ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. மாடியில் நின்றுகொண்டு, தெருவின் மறுகோடியில் இருக்கும் ஒருவருடைய இமையை எண்ணும் அளவுக்கு அருகே போக முடிந்தது. அன்று இரவு அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மிக நல்ல படங்கள் அவை. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நான் கூச்சக்காரன். கூச்சம் என்று சொல்வதுகூடச் சலுகைதான். முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் "உங்களை ஒரு படம் எடுத்துக்கட்டுமா" என்று கேட்க எனக்குப் பயம். மறுத்துவிடுவார்களே என்று பயம். எதற்கு என்று கேட்டால் பதில் இருக்காதே என்று அதைவிடப் பெரிய பயம். சூப்பர்ஜூம் அந்தப் பயத்துக்கு வேலையே இல்லாமல் செய்துவிட்டது. அந்த லென்ஸின் கடைசி எல்லை, ஃபுல் ஃபிரேம் கணக்கில், 720 மி.மீ. அதில் நாற்பது மீட்டர் தள்ளி நின்றால் படத்தின் அகலம் ஏறக்குறைய 2 மீட்டர். உட்கார்ந்திருக்கும் ஒருவரை முழுதாக அதற்குள் அடக்கிவிடலாம். கிட் லென்ஸில், அதாவது அதே கணக்கில் 75 மி.மீ.யில், அதே படத்துக்கு நாலு மீட்டரில் நிற்க வேண்டும். நாலு மீட்டரில் நின்றால் எதிரில் இருப்பவர் "யாருப்பா நீ" என்று கேட்கலாம். முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்ளலாம். நாற்பது மீட்டரில் அவருக்கு இவை எதற்கும் வழியில்லை. எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதைக்குப் போனேன். பதினான்கு கிலோமீட்டர், எட்டு லிங்கங்கள், லட்சக்கணக்கில் ஜனம். கோயிலுக்குள் மூலவரைப் படம் எடுக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, கோயில்களுக்குள் கைபேசிக்கே தடை போடச் சொன்னது. கிரிவலப் பாதை பொது ரோடு. அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அப்படி எந்தக் காவலும் இல்லை. இடுக்குப் பிள்ளையார் சன்னதிக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மறைவில் நின்றுகொள்வேன். சன்னதிக்குள் இருக்கும் குறுகலான வழியில் ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி, ஆட்கள் வெளியே வரும்போது முகத்தில் ஒரு வலியும் நிம்மதியும் கலந்திருக்கும். சேலை விலகியிருக்கும், தலை கலைந்திருக்கும். பெண்கள் எழுந்து நின்று முதலில் சேலையைத்தான் சரிசெய்வார்கள். அதற்கு முந்தின நொடியைத்தான் நான் எடுத்துக்கொண்டிருந்தேன். கெட்ட எண்ணம் இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியும். படத்தில் இருப்பவருக்கு அந்தச் சத்தியத்தால் என்ன பயன் என்று அப்போது யோசிக்கவில்லை.

அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு வயதான அம்மாவைப் பௌர்ணமிதோறும் பார்ப்பேன். பிற்பகலிலேயே வந்து மரத்தடியில் துணி விரித்து இடம் பிடித்துவிடுவார். அந்தப் பக்கம் மலைக்கு மேற்கே இருப்பதால் சாயங்கால வெயில் மறைப்பில்லாமல் விழும். ஒருநாள் அந்த வெயில் அவர் முகத்தில் முழுதாக விழுந்தது. கையில் யாரோ கொடுத்த அன்னதானப் பொட்டலம். அதைப் பிரிக்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே எடுத்தேன். அவர் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. படத்தின் மூலையில் என் பெயரைப் போட்டு, "பசியின் முகம்" என்று தலைப்பும் வைத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவருக்குப் பசியா இல்லையா என்பதுகூட எனக்குத் தெரியாது. படம் நான் எதிர்பார்க்காத தூரம் போனது. பழக்கமில்லாதவர்கள் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். என் வாழ்க்கையில் அந்த அளவுக்கு என்னை யாரும் புகழ்ந்ததில்லை.

அடுத்தடுத்த பௌர்ணமிகளில் அந்த மரத்தடியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். டீக்கடைக்காரர்தான் சொன்னார். "அந்தம்மா இப்ப வர்றதில்லைங்கண்ணா. வேட்டவலம் பக்கம் ஏதோ கிராமம். கிரிவலம் சுத்தப் போறேன்னு வீட்ல சொல்லிட்டு வந்து இங்க உக்காரும். பேத்தி காலேஜு ஃபீசுக்குச் சேத்து வச்சுதாம். மாப்ள வீட்ல யாரோ போன்ல போட்டோவ பாத்துட்டாங்களாம். பெரிய சண்டையாயிடுச்சாம்." அவர் அதை ஊர்ச் செய்தியாகத்தான் சொன்னார். எடுத்தது நான் என்று அவருக்குத் தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் டீயைக் குடித்து, காசு கொடுத்துவிட்டு நடந்தேன். "அப்படியா, பாவம்" என்று சொன்னதாகவும் நினைவு.

வீட்டுக்கு வந்து படத்தை அழித்தேன். நான் அனுப்பிய இடங்களில் எல்லாம் நீக்கப் பார்த்தேன். பிறர் அனுப்பியதை என்ன செய்ய முடியும்? சில மாதங்களில் சூப்பர்ஜூமை விற்றுவிட்டு மிரர்லெஸ் வாங்கினேன். அந்தச் சின்ன கேமராவைக் கையில் எடுத்தால் டீக்கடை பெஞ்ச் ஞாபகம் வந்தது. அதனால்தான் மாறினேன். நண்பர்கள் கேட்டபோது 28, 366 என்று எண்களைச் சொன்னேன். எண்கள் உண்மையாக இருந்ததால் பொய் சொல்வது எளிதாக இருந்தது.

இந்த ஊரில் கேமராவைப் பற்றிப் பேசினால் 1950 ஏப்ரலைத் தாண்டிப் போக முடியாது. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் அப்போது இங்கே இருந்தார். ஏப்ரல் 14 இரவு 8.47க்கு ரமண மகரிஷி மறைந்ததும், அந்த நேரத்தில் வானத்தில் ஓர் ஒளி நகர்ந்ததைப் பலரும் கண்டதாகச் சொன்னதும் ஆசிரமத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தானும் அதைக் கண்டதாகவும் உடனே கடிகாரத்தைப் பார்த்ததாகவும் கார்த்தியே-பிரெஸ்ஸோன் சொல்லியிருக்கிறார். வாழ்நாளில் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையே வைத்துக்கொண்டு வேலை செய்தவர் அவர். என் மனசாட்சிக்குச் சமாதானம் சொல்ல அவரை நான் வெகுகாலம் பயன்படுத்தினேன்: அவரும் யாரையும் கேட்டு எடுத்தவர் இல்லையே, யாருக்கும் தெரியாமல் சட்டென்று எடுப்பதுதானே அவர் கலை என்று. அது உண்மைதான். ஆனால் 50 மி.மீ.யில் நான் சொன்ன அந்த 2 மீட்டர் அகலப் படத்தை எடுக்க மூன்று மீட்டருக்குள் போய் நிற்க வேண்டும். அவர் கேட்காமல் எடுத்திருக்கலாம். எடுக்கப்பட்டவர் தலையை நிமிர்த்தினால் அவரைப் பார்த்திருக்க முடியும். 1946இல் வெல்லிங் என்ற புகைப்படக்காரர் எடுத்த ரமணர் படத்தை இந்த ஊரில் பாதிக் கடைகளில் பார்க்கலாம். அந்தக் கண்கள் நேரே லென்ஸைப் பார்க்கின்றன. எடுப்பவர் எதிரிலேயே இருந்தார், அது ரமணருக்குத் தெரிந்தும் இருந்தது. என் படங்களில் ஒருவரும் என்னைப் பார்த்ததில்லை. அதைத்தான் இயல்பு என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மிரர்லெஸ் வந்ததும் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். கிட் லென்ஸோடு கிரிவலப் பாதையில் நடந்த நாட்களில் என்னால் ஒரு முகத்தையும் எடுக்க முடியவில்லை. கோபுரம் எடுத்தேன். 217 அடி ராஜகோபுரத்தை விடியற்காலையில் எடுத்தேன், அம்மணி அம்மன் கோபுரத்தை எடுத்தேன், அய்யங்குளத்தில் மலையின் நிழல் விழுவதை எடுத்தேன். கல்லும் தண்ணீரும் எதுவும் கேட்காது. பிறகு 55-210 மி.மீ. டெலி லென்ஸ் ஒன்றை வாங்கினேன். கோபுரத்தின் சுதைச் சிற்பங்களை எடுக்க என்று வீட்டில் சொன்னேன். அந்த லென்ஸை ஏபிஎஸ்-சி கேமராவில் முழுதாக நீட்டினால் 315 மி.மீ.க்குச் சமம். அதே படத்துக்குப் பதினேழு மீட்டர் போதும். வாங்கிய அடுத்த பௌர்ணமியே அதை மாட்டிக்கொண்டு போய், நிருதி லிங்கத்தருகே ஒரு சாமியார் கால் புண்ணுக்குத் துணி சுற்றுவதைப் பதினேழு மீட்டரில் நின்று எடுத்தேன். எல்லாம் தெரிந்த பிறகு எடுத்தது அது. முதல் படத்துக்குத் தெரியாமை ஒரு சாக்கு. இதற்கு அதுவும் கிடையாது.

இப்போது கேட்கிறேன். எப்போதும் இல்லை, பெரும்பாலும். பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். சரி என்பவர்கள் சட்டையை இழுத்துவிட்டு, திருநீற்றைச் சரிசெய்து, விறைப்பாக நிற்கிறார்கள். தீப நாளில் மாடியிலிருந்து நான் கண்ட முகம் அதில் இல்லை. கேட்டு எடுக்கும் என் படங்கள் கேட்காமல் எடுத்தவற்றைவிடச் சுமார்தான், அதை மறைத்துப் பயனில்லை. இது இழப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த முகம் எனக்கு வேண்டும் என்பதால் அது என்னுடையதாகிவிடாது.

அக்கா மகனை மறுபடி கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். எதிர்த்து ஒன்றும் சொல்லாமல் கேட்டுவிட்டு, "மாமா, நான் பறவைதானே எடுக்கப் போறேன்" என்றான். சமுத்திரம் ஏரியில் தண்ணீர் இருக்கும் மாதங்களில் கரையில் நின்று பறவைகளை எடுக்க அவனுக்கு ஆசை. அதற்குச் சூப்பர்ஜூம்தான் சரி. கிட்டே போனால் பறந்துவிடும் உயிருக்கு நாற்பது மீட்டர்தான் மரியாதை. ஆரம்ப நிலை மிரர்லெஸ்ஸில் அந்த எட்டத்தைப் பிடிக்கும் லென்ஸ் வாங்கப் போனால், லென்ஸின் விலை கேமரா விலையைத் தாண்டிவிடும். சென்சார் பேச்சை விட்டுவிட்டு, அதை வாங்கிக்கொள் என்றேன். வாங்கியும்விட்டான்.

அந்த அம்மாவை நான் போய்ப் பார்க்கவில்லை. டீக்கடைக்காரரிடம் ஊர்ப் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். வேட்டவலம் இங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். நான் போய் நின்றால் அடங்கிப்போன சண்டையை மறுபடி கிளப்பியதாகிவிடும், படம் எடுத்தவன் வீடு தேடி வந்தான் என்று அவருக்கு இன்னொரு அவமானம் சேரும் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் இந்தக் காரணமும் சென்சார் காரணத்தைப் போலவே எனக்கு வசதியாக இருக்கிறது. பேத்தி காலேஜில் சேர்ந்தாளா என்றுகூட நான் விசாரிக்கவில்லை.