பனி நாட்டு வீடும் மெட்டுகுடா மாடியும்

மெட்டுகுடாவில் வாழும் நமக்குக் குளிர் என்பது மார்கழி விடியற்காலையில் ஒரு சால்வைக்குள் அடங்கிவிடும் சங்கதி. தை கழிந்தால் அதுவும் போய்விடும். பிறகு மழை வரும் வரையில் வெயிலோடுதான் நமக்கு வழக்கு. வீட்டைச் சூடாக்குவதற்கென்றே ஒரு குடும்பம் தன் வருவாயில் பெரும்பங்கை ஒதுக்குகிறது என்று கேட்டால் நமக்கு வியப்பாக இருக்கும். ஆயினும் நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் இன்று கனடாவிலும் ஜெர்மனியிலும் வாழ்கின்றனர். அவர்கள் ஊர்ச் செய்தி பேசும்போது குளிர்காலச் செலவைப் பற்றிப் பேசாமல் இருப்பதில்லை. அச்செலவு எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்பதை 2025 அக்டோபர் மாதம் காஷ்மீரத்திலும் லடாக்கிலும் நேரில் காணும் வாய்ப்புக் கிடைத்தது. கண்டதை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மெட்டுகுடா இருப்புப்பாதையின் நிழலில் வளர்ந்த பகுதி. 1874-இல் வாடியிலிருந்து செகந்திராபாத்துக்கு ரயில் வந்தது. 1966 அக்டோபர் 2-ஆம் நாள் தென் மத்திய ரயில்வே தோன்றியது. தமிழ்க் குடும்பங்கள் பலவற்றை இங்கே கொண்டுவந்து சேர்த்தது ரயில்தான். இங்கிருந்து ரயிலிலேயே ஸ்ரீநகர் வரை போகலாம் என்பது நேற்றுவரை கனவாக இருந்தது. 2025 ஜூன் 6-ஆம் நாள் கட்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே வண்டி ஓடத் தொடங்கியதும் அக்கனவு நனவாயிற்று. புது தில்லியில் ஒரு முறையும் கட்ராவில் ஒரு முறையும் வண்டி மாறினோம். செனாப் ஆற்றுக்கு 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் பாலத்தின்மீது வண்டி சென்றபோது பெட்டியிலிருந்தோர் அனைவரும் பேச்சை மறந்தனர். பனிக்கென்றே அமைந்த வண்டி அது. தண்ணீர்த் தொட்டி உறையாதபடி சூடேற்றும் அமைப்பும், ஓட்டுநர் முன்னுள்ள கண்ணாடியில் பனி படியாதபடி வெப்ப இழைகளும் அதில் உண்டு.

ஸ்ரீநகரில் சினார் மரங்கள் செந்நிறம் பூண்டிருந்தன. உதிர்ந்த இலைகளைப் பெண்கள் கூட்டிக் குவித்துத் தீயிட்டு, நீர் தெளித்துக் கரியாக்கிக்கொண்டிருந்தனர். அந்தக் கரி காங்கிரிக்கு ஆகும். காங்கிரி என்பது பிரம்புக் கூடைக்குள் அமைந்த சிறு மண்சட்டி. அதில் தணலை இட்டுப் பெரன் என்னும் நீண்ட அங்கிக்குள் வைத்துக்கொள்வர். டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள் ‘சில்லை கலான்’ எனப்படும் கடுங்குளிர். அதற்குப் பின் குளிர் சற்றுத் தணிந்த இருபது நாளும், இன்னும் தணிந்த பத்து நாளும் உண்டு. வசதியுள்ள வீடுகளில் ‘ஹமாம்’ இருக்கிறது. நமக்கு ஹமாம் என்றால் சோப்பு. அவர்களுக்கு அது கற்பலகை பரப்பிய அறை. தரைக்கு அடியில் உள்ள பொந்தில் வெளியிலிருந்து விறகை எரிப்பர். கல் சூடேறி, குடும்பம் முழுவதும் அதன்மீது அமர்ந்து குளிரைக் கழிக்கும்.

பழைய ஸ்ரீநகர் வீடுகளின் சுவர்கள் தடித்தவை, சன்னல்கள் சிறியவை. கூரையில் பூர்ஜ மரப்பட்டை பரப்பி அதன்மேல் மண் போட்டிருந்தனர். இன்று எழும் வீடுகளில் மெல்லிய சுவரும் அகன்ற கண்ணாடியும் தகரக் கூரையும் காண்கிறோம். பார்வைக்கு எடுப்பாகவே இருக்கின்றன. ஆனால் உள்ளே மூட்டிய தீயின் வெப்பம் ஓட்டைக் குடத்து நீர்போல் கசிந்துபோகிறது. ஹமாமுக்கு விறகு போதவில்லை என்று குறைபட்ட ஒரு பெரியவரிடம், வீட்டின் மேற்கூரையில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். தகரமும் அதன்கீழ் ஒரு மெல்லிய பலகையும் என்றார். விறகுக் குறைக்கு விடை அதிலேயே இருந்தது.

ஸ்ரீநகரிலிருந்து லே நகருக்கு ஏறத்தாழ 420 கிலோமீட்டர். சோஜிலா கணவாயைக் கடந்தால் பசுமை மறைந்து வெறும் மலைகளே தெரிகின்றன. திராஸைத் தாண்டிக் கார்கிலில் ஓரிரவு தங்கி மறுநாள் லே சேர்ந்தோம். ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் அது. குளிர்கால இரவில் வெப்பம் பூச்சியத்துக்குக் கீழ் 20 டிகிரி வரையிலும் இறங்குவதுண்டு. அங்கே காடு என்று ஒன்றுமில்லை. வாய்க்கால் ஓரத்தில் நட்டு வளர்த்த வில்லோவும் பாப்ளாரும்தான் மரம். ஆகையால் ஒவ்வொரு சுள்ளிக்கும் விலை உண்டு. வீடுகளின் தட்டையான கூரை விளிம்பில் சுள்ளியும் வறட்டியும் மாட்டுத் தீவனமும் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. குளிர்காலத்துச் சேமிப்பு முழுவதும் தெருவில் நிற்பவன் கண்ணுக்குத் தெரியும்படி அமைந்திருந்தது.

நாங்கள் தங்கிய வீட்டில் ஒரு விவாதம் நடந்துகொண்டிருந்தது. மூத்த மகன், பழைய புகாரியை எடுத்துவிட்டுப் பெரிய புகாரி வாங்க வேண்டும் என்றான். புகாரி என்பது குழாய் வைத்த இரும்பு அடுப்பு. இளையவனோ, இருக்கும் பணத்தில் பாட்டி படுக்கும் அறையின் சுவரையும் உத்தரத்தையும் மூடவேண்டும் என்றான். பாட்டிக்கு இருமல், புகையும் ஆகாது, குளிரும் ஆகாது. அவ்வீட்டிலேயே ஓர் அறையை இளையவன் இரண்டாண்டுக்கு முன் மாற்றியமைத்திருந்தான். சுவருக்கு உட்புறம் பலகை அடித்து, இடைவெளியில் வைக்கோலும் மரத்தூளும் நிரப்பியிருந்தான். சன்னலுக்கு இரண்டாம் கண்ணாடி போட்டிருந்தான். முன்பு இரண்டு கூடை சுள்ளி தின்ற அறைக்கு இப்போது ஒரு கூடையே மிகுதி என்று தாய் சொன்னாள். சுள்ளி பொறுக்கிச் சுமந்து வருபவள் அவளே ஆதலால் அவள் சொல்லை ஐயுற வழியில்லை.

லேயிலிருந்து சிறிது தொலைவில் பே என்னும் கிராமத்தில் செக்மால் என்னும் கல்வி நிலையம் உள்ளது. 1988-இல் தோன்றிய இவ்வமைப்பின் நிறுவனர்களுள் சோனம் வாங்சுக் ஒருவர். அங்குள்ள கட்டடங்கள் மண்ணை இடித்துக் கட்டியவை. தெற்குநோக்கிய கண்ணாடி வழியே பகல் வெயிலை வாங்கித் தடித்த சுவரில் சேமித்துக்கொள்கின்றன. வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 15 டிகிரி என்றாலும், அடுப்பின்றியே உள்ளே 15 டிகிரியை ஒட்டி நிற்பதாகக் கூறுகின்றனர். வெயில் தந்த வெப்பத்தை வெளியே விடாமல் காக்கும் சுவரும் கூரையும் இல்லையேல், அத்தனை வெயிலும் அந்தி மயங்குமுன் போய்விடும்.

இனி, மேல்நாடுகளில் வழங்கும் மரக்குச்சி எரிபொருளைப் பற்றிச் சொல்லவேண்டும். ‘பெல்லெட்’ என்று பெயர். மர அறுவைக் கூடத்தின் தூளை உலர்த்தி, அழுத்தி, 6 அல்லது 8 மில்லிமீட்டர் கனமுள்ள சிறு குச்சிகளாக ஆக்குகின்றனர். பசை சேர்ப்பதில்லை, மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருளே சூட்டில் இளகிப் பிணைக்கிறது. ஆஸ்திரியா, இத்தாலி, சுவீடன், ஜெர்மனி, கனடா முதலிய நாடுகளில் இது வீட்டு அடுப்புக்கு வழங்குகிறது. நம் நாட்டிலோ, நிலக்கரியோடு கலந்து எரிக்க மின் நிலையங்களுக்கே பெரும்பாலும் போகிறது. அதுவும் மிகுதியும் பயிர்க் கழிவில் செய்தது.

வீட்டின் காப்புக்கும் இந்தக் குச்சியின் செலவுக்கும் உள்ள தொடர்பை நாம் அறிந்த மின்சார யூனிட் கணக்கிலேயே பார்க்கலாம். நல்ல குச்சி ஒரு கிலோ எரிந்தால் 4.8 யூனிட் வெப்பம். அடுப்பில் வீணாவது போக 4 யூனிட் அறைக்குக் கிடைக்கும். நூறு சதுர மீட்டர் கூரையுள்ள ஒரு வீடு. உள்ளே 15 டிகிரி, வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 5 டிகிரி. வேற்றுமை 20 டிகிரி. காப்பில்லாத கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 வாட் வீதம் வெப்பத்தை வெளியே விடும் என்று கொள்வோம். மொத்தம் 4,000 வாட். ஒரு நாளைக்கு 96 யூனிட். கூரை வழியே போகும் வெப்பத்தை ஈடுசெய்ய மட்டும் நாள்தோறும் 24 கிலோ குச்சி வேண்டும்.

அதே கூரைக்குக் கீழே 10 சென்டிமீட்டர் கனத்துக்கு உலர்ந்த மரத்தூளைப் பரப்பினால் இழப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடும். அப்போது நாளொன்றுக்கு 6 கிலோ போதும். மிச்சம் 18 கிலோ. பரப்பிய தூளின் எடை ஏறத்தாழ 2,000 கிலோ இருக்கும். அதைக் குச்சியாக்கி எரித்திருந்தால் ஒரே முறைதான் வெப்பம் தரும். கூரையில் இட்டதனாலோ 111 நாளில் தன் எடை அளவு எரிபொருளை மிச்சப்படுத்திவிடுகிறது. லடாக்கின் குளிர்காலமோ நவம்பர் முதல் மார்ச் வரை ஐந்து மாதம். முதல் ஆண்டிலேயே கடன் தீர்ந்தது. பின்வரும் ஆண்டுகளில் கிடைப்பதெல்லாம் ஆதாயம். அடுப்பில் இட்ட தூள் சாம்பலாகும். கூரையில் இட்ட தூள் ஆண்டுதோறும் உழைக்கும்.

இவ்வுண்மையை மறந்து எரிபொருளுக்கே பணம் கொடுத்த ஓர் அரசு பட்ட பாட்டையும் இங்கே குறிப்பிடலாம். வட அயர்லாந்தில் 2012-இல், மரக்குச்சி முதலியவற்றால் சூடேற்றும் தொழிலகங்களுக்கு உதவித்தொகை வழங்கும் திட்டம் வந்தது. எரிபொருளின் விலையைவிட உதவித்தொகை மிகுந்திருந்தது. எரிக்க எரிக்க இலாபம் என்றானபின் காப்பைப் பற்றி யார் கவலைப்படுவார்? வெற்றுக் கொட்டகைகளையும் சூடாக்கினர் என்ற புகார் எழுந்தது. 2016-இல் திட்டம் மூடப்பட்டது. 2017 ஜனவரியில் அதைக் குறித்த பூசலில் அங்குள்ள ஆட்சியே கவிழ்ந்தது.

பனி நாட்டில் வீடு கொள்ளும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லத்தக்க வரிசை இதுவே. முதலில் கூரை, சூடான காற்று மேலே ஏறுமாதலால் இழப்பு அங்கே மிகுதி. அடுத்து கதவு, சன்னல் இடுக்குகள், பின்னர் சுவர். அடுப்பு கடைசி. காப்பு செய்வதற்கு முன்பே அடுப்பை வாங்கினால் அது தேவைக்கு மீறிப் பெரிதாக அமையும். பெரிய அடுப்பு அடிக்கடி அணைந்து மூண்டு, கரி படிந்து, குச்சியை வீணாக்கும். குச்சியைத் தள்ளும் திருகும் விசிறியும் மின்சாரத்தால் இயங்குவன. மின்சாரம் அடிக்கடி நிற்கும் ஊரில் இதையும் எண்ணவேண்டும்.

எச்சரிக்கைகளும் உண்டு. சுவருக்குள் இடும் தூள் நன்கு உலர்ந்திருக்கவேண்டும். ஈரம் புகாமல் காக்கவேண்டும். புகைக்குழாயின் அருகே அது இருத்தலாகாது. இடுக்குகளை அடைத்த வீட்டில் அடுப்புக்கு வெளிக்காற்று வர ஒரு வழியும், புகை போக நல்ல குழாயும் கட்டாயம் வேண்டும். மூடிய அறையில் கரியோ விறகோ எரிந்தால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லும். குச்சிகளைக் குவித்து வைக்கும் மூடிய அறையிலும் இவ்வாயு சேர்வதுண்டு.

இந்தக் கணக்கெல்லாம் மெட்டுகுடாவுக்கு எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். வெப்பம் செல்லும் திசை மாறுகிறதே தவிர விதி மாறவில்லை. பனி நாட்டில் உள்ளிருந்து வெளியே போவது, நம் ஊரில் சித்திரையிலும் வைகாசியிலும் வெளியிலிருந்து உள்ளே வருகிறது. மேல்மாடி வீட்டில் குடியிருப்போர் இதை நன்கு அறிவர்: பகலெல்லாம் வெயிலில் காய்ந்த காங்கிரீட் தளம், இரவு முழுவதும் அந்தச் சூட்டைக் கட்டிலின்மேல் பொழிகிறது. அங்கே புகாரி பெரிதாயிற்று. இங்கே குளிர்சாதனப் பெட்டி பெரிதாகிறது.

நம் முன்னோர் இதை அறியாதவரல்லர். ஓலைக் கூரையும், மண்பானைகளைக் கவிழ்த்து அடுக்கி அதன்மேல் சுண்ணாம்புக் காரை போட்ட தளமும் இந்த அறிவின் விளைவே. பானைக்குள் அடைபட்ட காற்று செய்யும் வேலையைத்தான் லடாக்கில் மரத்தூளும் வைக்கோலும் செய்கின்றன. நம் ஊருக்கு இன்னும் எளிய வழி வெள்ளைப் பூச்சு. அது வெயிலைத் தளத்தில் புகவிடாமல் திருப்பி அனுப்புகிறது. 2017-இல் ஹைதராபாத்தில் 25 எளிய குடும்பங்களின் வீட்டுக் கூரைகளில் வெள்ளை விரிப்பை இட்டுச் சோதித்தபோது, உள்ளே சராசரி 2 டிகிரி குறைந்தது. தெலங்கானா அரசும் 2023 ஏப்ரலில் குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. 600 சதுர கஜமும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் புதிதாக எழும் வீடுகளுக்கு அது கட்டாயம். சிறு வீட்டாருக்குக் கட்டாயமில்லை. ஆனால் வெயில் அவர்களை விட்டுவைப்பதில்லை.

லேயில் நாங்கள் விடைபெறுமுன் அந்த விவாதம் முடிந்திருந்தது. பாட்டியின் அறைக்கே பணம் என்று தாய் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். புகாரி அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றாள். நம் இல்லங்களிலும் வரும் மாசிக்குள் மாடித் தளத்தைப் பெருக்கி, விரிசலை அடைத்து, இரு கை வெள்ளைப் பூச்சுப் பூசிவிட்டால் நலம். அதன் பின்பும் குளிர்சாதனப் பெட்டி தேவையென்று தோன்றினால், சிறியதாகவே வாங்கலாம்.