நெல்லுக்கு ஒரு தடுப்பூசி

சூடோமோனாஸ்னு பேரைக் கேட்டாலே எங்களுக்கு வயித்தைக் கலக்கும் மக்களே. தீக்காய வார்டுல பச்சை நிறத்துல சீழ், ஐசியூல லேசுல மசியாத நிமோனியா. அது சூடோமோனாஸ் ஏருஜினோசா. நான் எழுதப் போறது அதோட பங்காளி, சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் பத்தி. மண்ணுல பயிர் வேரை ஒட்டி வாழும் பாக்டீரியா. பங்காளிதான், குணம் வேற.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் இதுல 'பிஎஃப் 1' என்ற வகையை டால்க் பவுடர்ல கலந்து கொடுக்குது. குலைநோய், இலையுறை கருகல் மாதிரி பூஞ்சை நோய்களுக்குன்னு விவசாயிகள் பலருக்கும் தெரியும். நெல்லுல இலைச்சுருட்டுப் புழு சேதத்தையும் இது குறைக்கும்னு அங்கேயே ஆய்வு செஞ்சு காட்டியிருக்காங்க. இது அவ்வளவா வெளிய பேசப்படல.

பாக்டீரியா இருக்கிறது வேர்ல. புழு தின்னுறது இலையை. ரெண்டும் சந்திக்கவே இல்ல. அப்புறம் எப்படி?

வேர்ல ஒட்டின பாக்டீரியாவைச் செடி அடையாளம் கண்டுக்குது. ஜாஸ்மோனிக் அமிலம், எத்திலீன் வழியா செடி முழுக்க உஷார் நிலைக்கு வருது. ஆயுதத்தை உடனே குவிக்காது, அதுக்குச் செலவு அதிகம். புழு கடிச்சதும்தான், சாதாரணச் செடியை விட வேகமா வேலையை ஆரம்பிக்கும். கத்தரிக்காயை வெட்டி வெச்சா கறுக்குதே, அதுக்குக் காரணமான பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ் என்சைம் கூடும். நம்ம குடல்ல ட்ரிப்சின் மாதிரி புழு குடல்லயும் புரதம் செரிக்கிற என்சைம் உண்டு. அதை முடக்கும் பொருட்களையும் செடிகள் தயாரிக்கும். தின்ன இலை சரியா செரிக்காது, புழு வளர்ச்சி மந்தமாகும்.

தடுப்பூசி மாதிரிதான். ஆனா செடிக்கு ஆன்டிபாடி கிடையாது, ஒப்புமையை ரொம்ப இழுக்கக் கூடாது.

"போட்டேன், கேக்கல டாக்டர்"னு சொல்றவங்க கிட்ட எப்பப் போட்டீங்கன்னு கேட்டா, புழுவைப் பார்த்த பிறகும்பாங்க. தட்டம்மை வந்து படுத்த பிள்ளைக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட கதை.

இதுல டாக்டருக்கு என்ன அக்கறைன்னு கேப்பீங்க. மாஸ்க், கையுறை இல்லாம பூச்சி மருந்து அடிச்சுட்டு வர்றவங்களைப் பார்க்கிறது நாங்கதான். கண்மணி ஊசிமுனையா சுருங்கி, வாய் நிறைய எச்சில், உடம்பெல்லாம் வேர்வை. அட்ரோபின் போட்டுட்டு நெஞ்சுல சளிச் சத்தம் குறையுதான்னு ராத்திரி முழுக்க ஸ்டெத்தும் கையுமா இருப்போம். எதுக்கு அடிச்சீங்கன்னா, "இலை சுருண்டிருச்சு சார்".

வயல் வெளுத்துத் தெரியுறதால வர்ற பயம் அது. இளம்பயிர் அந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுகட்டிடும். வியட்நாம் மீகாங் டெல்டாவுல 1990கள்ல, விதைச்ச முதல் 40 நாள் பூச்சி மருந்து அடிக்காம விவசாயிகளே சோதிச்சுப் பார்த்தாங்க. மகசூல் குறையல.

அளவு: ஒரு கிலோ விதைக்கு 10 கிராம், தண்ணியில கலந்து ராத்திரி ஊற வைங்க. நட்டு 30 நாள் கழிச்சு ஏக்கருக்கு 1 கிலோ, 20 கிலோ தொழு உரத்தோட வயல்ல தூவுங்க. புகையான் குமிஞ்சு நிக்கிற வயல்ல இதை மட்டும் நம்பி இருக்காதீங்க, வேளாண் அலுவலரைப் பாருங்க. ரசாயனப் பூஞ்சாணக் கொல்லியோட கலக்காதீங்க. வாங்கும்போது காலாவதி தேதி பாருங்க, வெயில்ல காய்ஞ்ச பாக்கெட்டுல வெறும் டால்க் பவுடர்தான் மிஞ்சும்.