ஒழுகுற ஆயிலும் ஊதுற மூடியும்

அம்பாசடர்ல ஆயில் ஒழுகலைன்னா உள்ளே ஆயிலே இல்லைன்னு அர்த்தம். இந்த ஜோக்கைக் கொல்கத்தா வந்த நாளிலிருந்து டாக்ஸி டிரைவர், மிஸ்திரி, எங்க கிளை காவலாளி என்று ஆளுக்கொரு பாஷையில் சொல்லிக் கேட்டாச்சு. இதை நம்பி ஒழுகலைக் கண்டுக்காமலே ஓட்டுறவங்க உண்டு. பயந்துபோய் இன்ஜினையே இறக்குறவங்களும் உண்டு. ரெண்டு பேருக்கும் கடைசியில் செலவுதான்.

பி.காம் படிச்சுட்டு வங்கியில் குப்பை கொட்டுறவனுக்கு இன்ஜின் பத்தி என்ன தெரியும்னு கேட்கிறீங்களா? நியாயமான கேள்வி. நாமக்கல்லில் சித்தப்பா பட்டறை வைத்திருந்தார். பள்ளிக்கூட லீவு முழுக்க அங்கே ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த அனுபவம்தான். அவர் அடிக்கடி சொல்வது: "ஆயில் எங்கே ஒழுகுதுன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, ஏன் ஒழுகுதுன்னு கேளுடா." இந்தப் பதிவே அந்த ஒரு வரிக்கான விளக்கவுரைதான்.

பிஸ்டனுக்கு மேலே டீசல் வெடிக்கும்போது உண்டாகிற காற்றழுத்தத்தை அங்கேயே பிடித்து வைப்பது பிஸ்டன் ரிங்குகளின் வேலை. புது இன்ஜினில்கூட கொஞ்சம் காற்று ரிங்கைத் தாண்டிக் கீழே கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். இதுக்குப் பெயர்தான் 'ப்ளோ பை'. ரிங்கும் போரும் தேயத் தேய இது கூடும். இறங்கின காற்று வெளியேற பிரீதர் என்று ஒரு குழாய் உண்டு. ஒரு காலத்தில் இதை அப்படியே ரோட்டைப் பார்த்துத் திறந்து விட்டிருந்தார்கள். 1960களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் புகைப் பிரச்சினை முற்றின பிறகுதான், அந்தக் காற்றை இன்ஜினே திரும்ப உறிஞ்சி எரிக்கிற ஏற்பாடு கட்டாயமாக்கப்பட்டது.

இப்போ நம்ம வீட்டு குக்கரை நினைச்சுக்குங்க. விசில் துவாரத்தில் பருப்பு அடைச்சுக்கிட்டா என்ன ஆகும்? மூடி ஓரமா காஸ்கெட்டைத் தாண்டித் தண்ணி கசியும். காஸ்கெட்டை மாத்தினா சரியாகுமா? நாலு நாளைக்கு ஆகலாம். அடைப்பு எடுக்காதவரை மறுபடி கசியும். இன்ஜினும் அதே கதைதான். பிரீதர் அடைச்சாலோ, பிரீதரால் தாங்க முடியாத அளவுக்குக் காற்று இறங்கினாலோ, அழுத்தம் இருக்கிற எல்லா சந்திலும் ஆயிலைத் தள்ளும்.

அம்பாசடர் இதில் கூடுதல் பாவப்பட்ட ஜென்மம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையை அடிப்படையாக வைத்து, 1950களின் கடைசியில் இங்கே பக்கத்தில் உத்தர்பாராவில் தயாராக ஆரம்பித்த வண்டி. 2014 மே மாதம் அந்த ஆலை நிற்கும்வரை அடிப்படை உருவம் மாறவே இல்லை. ஆரம்ப கால 1489 சிசி பி.எம்.சி இன்ஜினில் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது. தண்டிலேயே திருகு மரை மாதிரி ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். சுற்றும்போது அது ஆயிலை உள்பக்கமாகத் திருப்பித் தள்ளும். இன்ஜின் நின்றதும் நாலு சொட்டு விழத்தான் செய்யும். ஜோக் பிறந்த இடம் இதுதான். உள்ளே அழுத்தமும் ஏறிவிட்டால் நாலு சொட்டு நாற்பது சொட்டாகும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன மழைக்காலத்தில் எங்க கிளை வாடிக்கையாளர் ஒருத்தர் கடன் கேட்டு வந்தார். பீகார்க்காரர், அறுபதை நெருங்குகிறார், ஹௌரா ஸ்டேஷன் வரிசையில் மஞ்சள் அம்பாசடர் டாக்ஸி ஓட்டுகிறார். வண்டியில் கண்டபடி ஆயில் ஒழுகல். மிஸ்திரி ஒருவர் பார்த்துவிட்டு, "ரிங் போச்சு, இன்ஜின் இறக்கிப் போர் அடிக்கணும், 55 ஆயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டாராம். மனைவியின் நகையைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டு வந்திருந்தார். "மேனேஜர் ஸாப், இதை வச்சுக்கிட்டுக் கொடுங்க" என்றார்.

வண்டி 2013ல் பதிவானது. 15 வருஷம் தாண்டின வணிக வாகனங்கள் கொல்கத்தா பெருநகரப் பகுதியில் ஓடக் கூடாது என்று 2008ல் உயர் நீதிமன்றம் சொன்ன கணக்குப்படி, 2028 வரைதான் அதற்கு ஆயுள். சாகப்போகிற வண்டிக்கு நகையை அடகு வைப்பதா? எனக்கு மனசு கேட்கவில்லை. "ஞாயித்துக்கிழமை வண்டியைக் கொண்டு வாங்க பாய் ஸாப், ஒருதரம் பார்த்துடுவோம்" என்றேன்.

பார்த்த வரிசை இதுதான். உங்க பழைய வண்டிக்கும் ஒத்துவரும்.

முதலில் இன்ஜினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்துக் காய வைத்தோம். சந்தேகப்படும் இடங்களில் முகப் பவுடர் தூவினோம் (அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்!). பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் பவுடர் எங்கே நனைந்திருக்கிறது என்று பளிச்சென்று தெரியும். ஆயில் கீழேயும் பின்னாலேயும் ஓடும் என்பதால், நனைந்ததில் ஆக மேலே இருக்கிற இடம்தான் குற்றவாளி. எங்களுக்கு டாப்பெட் கவர் ஓரம்.

அடுத்து இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றித் துவாரத்தின் மேல் கவிழ்த்து வைத்தோம். லேசா ஆடினால் பரவாயில்லை. எங்களுடையது தாளம் போட்டுத் துள்ளியது.

மூணாவது பிரீதர் குழாய். கழற்றினால் உள்ளே கேழ்வரகுக் கூழ் மாதிரி பிசுக்கு. வரிசையில் மணிக்கணக்காக ஐடிலில் நிற்பது, மழைக்கால ஈரம், தள்ளிப்போட்ட ஆயில் மாற்றம் எல்லாம் சேர்ந்த விளைச்சல். சுத்தம் பண்ணி மாட்டினதும் துள்ளல் பாதியாகக் குறைந்தது. ஆனா நிற்கவில்லை. மிஸ்திரி சொன்னது முழுப் பொய்யும் இல்லை என்று அப்போதே தெரிந்தது.

கடைசியா கம்ப்ரஷன் டெஸ்ட். டீசல் பட்டறையில் கேஜ் வைத்துப் பார்த்ததில் நாலு சிலிண்டருக்கு 380, 370, 375, 330. பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் யோசிக்கணும் என்பது பொது விதி. நாலாவதில் 13 சதவீதம் குறைவு. பெட்ரோல் இன்ஜினில் குறைந்த சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. டீசலில் பிஸ்டனுக்கு மேலே இடம் ரொம்பக் குறைவு என்பதால் அப்படி ஊற்றக் கூடாது.

ஆக, ரிங் தேய்மானம் உண்மை. ஆனால் 55 ஆயிரம் செலவழிக்க வேண்டிய அவசரமா? இங்கேதான் என் பி.காம் உதவிக்கு வந்தது. பிரீதர் குழாய், டாப்பெட் கவர் காஸ்கெட், புது ஆயில் மட்டும் போடச் சொல்லிவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் ஊற்றுகிறார் என்று எழுதச் சொன்னேன். முன்னே 600 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் போய்க்கொண்டிருந்தது. இப்போ 1,500க்கு ஒரு லிட்டர். மாசம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார், லிட்டர் 300 ரூபாய். மாசம் 400, வருஷம் 4,800 ரூபாய். இன்ஜின் வேலை பார்த்து இந்த ஆயில் செலவு பூஜ்யமே ஆனாலும், போட்ட 55 ஆயிரம் திரும்பி வர 11 வருஷத்துக்கு மேல் ஆகும். வண்டிக்கோ 2028தான் எல்லை.

இந்தக் கணக்கை அவர் ரெண்டு தரம் போட்டுப் பார்த்தார். அப்புறம் கைக்குட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். (ஒரு கடன் போச்சு. எங்க ரீஜனல் மேனேஜர் இதைப் படிக்காமல் இருக்கணும் :-))

எல்லாருக்கும் இதுவே பதில் இல்லை. பிரீதர் சுத்தமா இருந்தும் ரயில் மாதிரி புகை தள்ளினாலோ, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தாலோ, புகைப் பரிசோதனையில் தோற்றாலோ இன்ஜின் இறக்கித்தான் ஆகணும். முக்கியமா டீசல் வண்டிக்காரர்கள் ஏர் கிளீனர் பக்கம் போகிற குழாய்க்குள் விரல் விட்டுப் பாருங்க. உள்ளே ஆயில் குளமாக நின்றால் தள்ளிப் போடாதீங்க. அளவு மீறினால் டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாகக் குடித்துவிட்டுச் சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடும், ஓடியே அழியும்.

பெரியவர் இப்பவும் மாசத்துக்கு ஒருதரம் அந்த நோட்டைக் கொண்டு வந்து காட்டுகிறார். ரெண்டு மாசம் தொடர்ந்து 1,000 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் திரும்ப கேஜ் வைத்துப் பார்ப்பதாகப் பேச்சு. போன மாசக் கணக்கு 1,420.