எட்டடிப் பலகை

"ஞாயிற்றுக்கிழமையானா கோவளம் போயிடுறீங்களாமே. நமக்கெதுக்கு தோழர் சர்ஃபிங் எல்லாம்?" சென்ற வாரம் ஒரு மாணவர் கேட்டார். கேலிதான். ஆனாலும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. எந்தப் பலகை வாங்கலாம் என்று அவ்வப்போது கேட்கும் தோழர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் பையன்கள் பொதுக்கிணற்றில் குதித்துக் குதித்துத்தான் நீச்சல் பழகினார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் அந்தக் கிணற்று மேட்டில் நிற்கக்கூட முடியாது. நான் நீச்சல் கற்றது 27 வயதில், சென்னை மாநகராட்சியின் மெரினா நீச்சல் குளத்தில், பள்ளிப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று. கடல் மீது எனக்கு இருக்கும் பிடிவாதம் அங்கே தொடங்கியது.

பிறகு ஒருநாள் கோவளத்தில் மீனவ இளைஞர்கள் அலைமேல் நின்று வளைந்து திரும்புவதைப் பார்த்தேன். அவர்கள் வைத்திருந்தது கூர்மூக்குள்ள ஆறடிப் பலகை. அதே மாதிரி ஒன்றைப் பழையதாகத் தேடி வாங்கினேன். ஒரு வருடத்தில் பத்துப் பன்னிரண்டு முறை கடலில் இறங்கியிருப்பேன். ஒருமுறைகூட எழுந்து நிற்கவில்லை. கை ஓயும்வரை துழாவுவேன், அலை என்னைத் தாண்டிப் போய்விடும். கரையில் யார் சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பதாகத் தோன்றும். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன்: நமக்குத் தண்ணீர் வராது. கிணற்றில் இறங்கவிடாதவர்கள் சொன்னதை இப்போது நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பலகையை விற்கப் போனபோது, அங்கே அலைச்சறுக்குக் கற்றுத்தரும் தம்பி கேட்டார்.

"எவ்ளோ வெயிட்டுண்ணா நீங்க?"

"74 கிலோ."

"மாசத்துக்கு எத்தனை நாள் வர்றீங்க?"

"ஒருநாள். சில மாசம் அதுவும் இல்ல."

"அப்ப இது உங்க போர்டே இல்லண்ணா. நாங்க தினம் இறங்குறவங்க. இது 28 லிட்டர்தான். அந்த எட்டடி ஃபோம் எடுத்துட்டுப் போங்க."

லிட்டர் என்பது பலகையின் கன அளவு. பலகை எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ அவ்வளவு எடையைத் தாங்கும். பள்ளியில் படித்த ஆர்க்கிமிடீஸ்தான். 28 லிட்டர் பலகையில் 74 கிலோ ஆள் படுத்தால் நெஞ்சுவரை தண்ணீருக்குள் இருப்பான். தண்ணீர் பிடித்து இழுக்கும், வேகம் வராது, அலை காத்திருக்காது. தினமும் பழகிய தோள்கள் அதைச் சமாளிக்கும். என் தோள்கள் வாரம் முழுக்க நாற்காலியில் இருப்பவை. 80 லிட்டர் ஃபோம் பலகையோ என்னைத் தண்ணீருக்கு மேலேயே வைத்திருந்தது. அன்று மூன்றாவது அலையில் எழுந்து நின்றேன். நான்கு நொடி இருக்கும்.

எப்போதாவது இறங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் எடை எத்தனை கிலோவோ, குறைந்தது அத்தனை லிட்டர் இருக்கட்டும். நீளம் ஏழு முதல் எட்டடி. அகலமும் வேண்டும், அதுதான் ஆடாமல் நிறுத்தும். மேல்பரப்பு மெத்தென்ற ஃபோம் என்றால் தலையில் பட்டாலும் அடி குறைவு. பக்கத்தில் குளிக்கும் குழந்தைகளுக்கும் அப்படியே. லீஷ் என்கிற கால்கயிறு ஏறக்குறைய பலகையின் நீளத்துக்கு இருக்க வேண்டும். முதலில் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். எட்டடிப் பலகையை எந்தப் பேருந்தில் ஏற்றுவது? பழைய ஃபைபர் பலகை வாங்குவதானால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினாலோ, தூக்கும்போது கனத்தாலோ உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கலாம். உடையாத அலையைப் பிடித்துத் திரும்பக் கற்ற பிறகு சிறிய பலகை பற்றி யோசிக்கலாம். வருடத்துக்குப் பத்து நாள் இறங்குபவருக்கு அந்தத் தேவை வராமலே போகலாம், தவறில்லை.

பலகையின் நீளத்தில் அந்தஸ்து பார்த்த காலம் ஒன்று உண்டு. பழைய ஹவாயில் 'ஓலோ' என்ற மிக நீண்ட பலகை தலைவர் குலத்தாருக்கே உரியது. சாமானியர்கள் 'அலாயா' என்ற குட்டைப் பலகையில் சறுக்கினார்கள். யாருக்கு எது விலக்கு என்று வகுத்த 'கபு' ஏற்பாடு 1819இல் ஒழிந்தது. இன்று தலைகீழ்: குட்டைப் பலகைக்கு மவுசு, நீளமான ஃபோம் பலகை என்றால் கத்துக்குட்டி என்று இளக்காரம். நானும் அந்த இளக்காரத்துக்குப் பயந்துதான் ஆறடி வாங்கினேன். ஒரு வருடம் பலகையின் குறையை என் உடம்பின் குறையாகச் சுமந்தேன்.

கேலி செய்த மாணவரை வரச் சொல்லியிருக்கிறேன். ஐம்பது கிலோ இருந்தாலே அதிகம், ஏழடி போதும். நீச்சல் தெரியுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க ஊர்லயும் கிணத்துல விட மாட்டாங்க தோழர்" என்றார்.

சரி, மெரினா குளத்திலிருந்து தொடங்குவோம்.