ஒன்றரை டாலரின் கணக்கு

வெள்ளிக்கிழமை மாலை. சிட்னியில் ரக்பி லீக் ஆட்டம் தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. மதுக்கடைச் சுவரில் தொங்கும் திரையிலும், ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் கைபேசியிலும் அதே இரண்டு எண்கள். ஒரு அணிக்கு 1.50, எதிரணிக்கு 2.60. யாரும் விளக்கம் சொல்வதில்லை, யாரும் கேட்பதுமில்லை. தக்காளி என்ன விலை என்று தெரியாதவர்கூட இந்த விலையைத் தெரிந்து வைத்திருக்கிறார்.

விலை என்றுதான் அங்கேயும் பேச்சுவழக்கில் சொல்கிறார்கள். ஆட்ஸ் என்பது புத்தகச் சொல். அதைத் தமிழில் 'பந்தய விகிதம்' என்று எழுதலாம், 'வாய்ப்பு விகிதம்' என்றும் எழுதலாம். இரண்டுமே பாதிதான் சரி. முதல் சொல்லில் பணம் மட்டும் தெரிகிறது. இரண்டாவதில் பணம் காணாமல் போய்விடுகிறது. அந்த எண்ணுக்குள் இரண்டும் சேர்ந்தே கிடக்கின்றன என்பதுதான் சங்கதி. அதற்கு விலை என்ற சாதாரணச் சொல்லே மேல். விலை என்றதும் விற்கிறவர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு லாபம் வேண்டும் என்பது தானாக நினைவுக்கு வரும்.

1.50 என்றால், பத்து டாலர் கட்டியவருக்கு அணி ஜெயித்தால் 15 டாலர் கிடைக்கும். கட்டிய பத்தும் அதில் அடக்கம், ஆதாயம் ஐந்துதான். 2.60 என்றால் 26 டாலர். இங்கிலாந்தின் வடக்கே, விகனிலும் செயின்ட் ஹெலன்ஸிலும், இதே விலைகளை 1/2 என்றும் 8/5 என்றும் பின்னமாக எழுதுவது மரபு. பின்னத்தில் கட்டிய பணம் சேராது, ஆதாயம் மட்டும்தான். இரண்டு பவுண்டுக்கு ஒன்று, ஐந்து பவுண்டுக்கு எட்டு. குதிரைப் பந்தயத்துக்குப் போய்க் கையைச் சுட்டுக்கொண்ட பழைய தலைமுறைக்கு இந்தப் பின்னம் புதிதல்ல.

இனி ஒரு வகுத்தல். நூறை அந்த விலையால் வகுத்தால், அது மறைமுகமாகச் சொல்லும் வெற்றி வாய்ப்பு கிடைக்கும். 1.50க்கு 66.7 சதவீதம், 2.60க்கு 38.5 சதவீதம். இரண்டையும் கூட்டினால் 105.2. உலகில் எந்தக் காரியத்துக்கும் 105 சதவீத வாய்ப்பு கிடையாது. (டிரா என்பதும் இங்கே அபூர்வம். ஆஸ்திரேலிய லீக்கில் 2003 முதல், ஆட்டம் சமமாக முடிந்தால் கூடுதல் நேரம் தந்து, முதலில் புள்ளி எடுக்கும் அணியை வென்றதாக அறிவிக்கிறார்கள்.) அப்படியானால் நூறுக்கு மேல் உள்ள அந்த ஐந்து சொச்சம் யாருடையது? பந்தயக் கம்பெனியுடையது. இரு பக்கமும் பணம் அளவாக வந்து சேர்ந்தால், யார் ஜெயித்தாலும் வசூலாகும் ஒவ்வொரு நூறிலும் ஏறக்குறைய ஐந்து டாலர் அவர்கள் பெட்டியில் தங்கிவிடும். 1.50 பெற்ற அணிக்கு உள்ளபடி இருக்கும் வாய்ப்பு, அந்தச் சந்தையின் கணக்குப்படியே, 66.7 அல்ல. கிட்டத்தட்ட 63.4.

மூன்று சதவீத வித்தியாசம்தானே என்று தோன்றும். வட்டிக் கணக்குத் தெரிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

இந்த ஆட்டம் பிறந்ததே பணத் தகராறில்தான். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்டில் உள்ள ஜார்ஜ் ஹோட்டலில் வட இங்கிலாந்து கிளப்புகள் கூடி, லண்டன் கனவான்களின் ரக்பியிலிருந்து பிரிந்து வந்தன. சனிக்கிழமை ஆடப் போனால் சுரங்கத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் அன்றைய கூலி போய்விடும். அதை ஈடுகட்ட நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் தர வேண்டும் என்றன வடக்குக் கிளப்புகள். பணம் வாங்கி ஆடுவது ஆட்டத்துக்கு இழுக்கு என்றனர் கனவான்கள். பிரிந்து வந்தவர்கள் 1906இல் ஆட்டக்காரர்களை 15இலிருந்து 13ஆகக் குறைத்து, ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டினார்கள். 1908இல் சிட்னியிலும் போட்டி தொடங்கியது. ஆறு ஷில்லிங்குக்காக உடைந்த ஆட்டத்தைச் சுற்றி இன்று புழங்கும் பணத்தை அந்தச் சுரங்கத் தொழிலாளிகள் பார்த்தால் என்ன நினைப்பார்களோ!

ஆட்டத்தின் புள்ளிக்கணக்கு விளங்கினால்தான் அடுத்த வகைப் பந்தயம் விளங்கும். பந்தை எதிரியின் கோட்டுக்கு அப்பால் தரையில் பதித்தால் 'டிரை', நான்கு புள்ளி. அதன்பின் உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் மேலும் இரண்டு. ஆக, முழு டிரை என்றால் ஆறு. பெனால்டி உதைக்கு இரண்டு. ஆட்டத்தின் நடுவே எகிறவிட்டு உதைத்தால் ஒன்று. 2021 முதல் ஆஸ்திரேலியாவில் நாற்பது மீட்டருக்கு அப்பாலிருந்து உதைத்தால் இரண்டு.

வலுவான அணிக்குப் பணம் கட்டினால் வருவது சொற்பம். எனவே 'லைன்' என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். வலுவான அணியின் ஸ்கோரிலிருந்து 6.5 புள்ளியைக் கழித்துவிட்டு யார் ஜெயித்தார் என்று பார்ப்பது. விலை இரு பக்கமும் 1.90. அந்த அரைப் புள்ளி எதற்கு? அரைப் புள்ளி எடுக்கும் அணி கிடையாது, எனவே சமமாக முடிய வழியே இல்லை. ஆறு எதற்கு? வலுவான அணி ஒரே ஒரு முழு டிரை வித்தியாசத்தில் ஜெயித்தால் போதாது, அதற்கு மேலும் வேண்டும் என்று கேட்பதற்கு. 20-14 என்று ஜெயித்தால் அந்த அணிக்குக் கட்டியவர் தோற்றார். கடைசி நிமிடத்தில் ஒரு பெனால்டி உதைத்து 22-14 ஆனால் அவரே ஜெயித்தார். ஆட்டத்தின் முடிவு எப்போதோ தெரிந்துபோன பிறகு, ஒன்றுக்கும் உதவாத ஓர் உதைக்கு அரங்கத்தின் ஒரு மூலையில் ஆரவாரம் எழும். புதிதாகப் பார்க்க வந்தவர் காரணம் புரியாமல் திரும்பிப் பார்ப்பார்.

1.90 என்பது பார்க்க நாணயம் சுண்டுவது போல இருக்கும். ஆனால் கைநஷ்டம் இல்லாமல் தப்பிக்கவே நூற்றுக்கு 52.6 முறை சரியாகச் சொல்ல வேண்டும். பாதிக்குப் பாதி சரியாகச் சொல்லும் கெட்டிக்காரர், பத்துப் பத்து டாலராக நூறு முறை கட்டினால், ஆயிரம் போட்டு 950 எடுப்பார்.

மேற்கு சிட்னியில் பெண்டில் ஹில், டூங்காபி, வென்ட்வர்த்வில் பக்கம் தமிழர்கள் நிறைய. பரமாட்டா அரங்கம் கூப்பிடு தூரம். அங்கே மகன் வீட்டுக்கு ஆறு மாதம் தங்கப் போன ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர் ஒருவருக்கு ரக்பி லீக் தெரியாது. பந்தை முன்னோக்கி எறியக் கூடாது, ஆறு முறை மடக்கப்பட்டால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பதை முதல் மாதத்தில் கற்றுக்கொண்டார். இரண்டாவது மாதத்தில், மகன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கைபேசியில் எதையோ நான்கு முறை தட்டுவதைக் கவனித்தார்.

"என்னடா அது?"

"மல்ட்டிப்பா. நாலு மேட்ச், நாலும் சரியா வந்தா பதிமூணு மடங்கு."

"சூதாட்டமா?"

"இல்லப்பா, அனாலிசிஸ்."

மல்ட்டி என்பது நான்கு பந்தயங்களை ஒன்றாகக் கோப்பது. நான்கு 1.90களைப் பெருக்கினால் 13.03. காசாளர் அதைக் காகிதத்தில் பெருக்கிப் பார்த்தார். சரியாகவே இருந்தது. பிறகு வேறொன்றையும் பெருக்கினார். ஒவ்வொன்றும் உண்மையில் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால் நியாயமான விலை இரண்டு. நான்கு இரண்டுகளைப் பெருக்கினால் 16. பதினாறு தர வேண்டிய இடத்தில் பதிமூன்று தருகிறார்கள். ஒரு பந்தயத்தில் ஐந்து சதவீதமாக இருந்த கம்பெனியின் பங்கு, நான்கைக் கோத்ததும் பதினெட்டரை சதவீதமாகிவிட்டது. கூட்டு வட்டி மாதிரிதான், பக்கம்தான் வேறு. மல்ட்டிக்கு ஏன் அத்தனை விளம்பரம், அதற்கு மட்டும் ஏன் அத்தனை 'போனஸ்' என்பது அவருக்கு அந்த நிமிடமே விளங்கியது.

அவர் வாதம் செய்யவில்லை. ஆப்பில் உள்ள பழைய கணக்கைக் காட்டச் சொன்னார். நோட்டில் கோடு கிழித்து இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. 24 வாரம், வாரம் 30 டாலர், மொத்தம் 720. வரவு ஒரே ஒரு முறை, 391. மகனும் அவருடைய அலுவலக நண்பர்களும் நினைவில் வைத்திருந்தது அந்த 391ஐத்தான். அதற்கு ஒரு விருந்துகூட நடந்திருந்தது. விருந்துச் செலவைக் காசாளர் சேர்க்கவில்லை. 329 டாலர் துண்டு. அந்த வீட்டு வருமானத்துக்கு அது பெரிய தொகை அல்ல. ஆனால் போனது எவ்வளவு என்று அவருக்கு அதுவரை தெரியாது என்பதுதான் தகப்பனாரை உறுத்தியது. மகன் நோட்டைப் படம் பிடித்து வைத்துக்கொண்டார். ஆப்பை நீக்கவில்லை.

மகாபாரதத்தில் நளன் கதையில் ஓர் இடம் உண்டு. தேரில் போகும்போதே இருதுபன்னன் ஒரு தான்றி மரத்தைப் பார்த்து இத்தனை இலை, இத்தனை காய் என்று சொல்லிவிடுகிறான். சூதில் நாட்டைத் தோற்ற நளன் அதை அப்படியே ஏற்கவில்லை. தேரை நிறுத்தி, இறங்கி, எண்ணிப் பார்க்கிறான். அதற்குப் பிறகுதான் குதிரை வித்தையைக் கொடுத்துச் சூதின் வித்தையை வாங்கிக்கொள்கிறான். கலி அவனை விட்டு இறங்குவதும் அப்போதுதான். பெண்டில் ஹில் காசாளர் செய்தது இறங்கி எண்ணிய அந்த வேலையைத்தான்.

விலை ஒரே இடத்தில் நிற்பதில்லை. செவ்வாய்க்கிழமை மாலை அணிப் பட்டியல் வெளியாகும். ஆட்டத்தை நடத்துகிற ஹாஃப்பேக் காயம் என்றால் சில நிமிடங்களில் எண் நகரும். ஆண்டின் நடுவே நியூ சவுத் வேல்ஸும் குவீன்ஸ்லாந்தும் மோதும் 'ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்' வாரங்களில் நல்ல ஆட்டக்காரர்கள் மாநில அணிக்குப் போய்விட, மெலிந்துபோன கிளப்புகளின் விலைகள் தாறுமாறாகும். ஆட்டம் தொடங்கும் நேரத்து விலை, பலருடைய பணமும் அறிவும் கலந்து வடிகட்டியது. அதைத் தொடர்ந்து முந்துபவர்கள் மிகச் சிலர். அப்படித் தொடர்ந்து ஜெயிப்பவர் கட்டும் தொகைக்குக் கம்பெனி உச்சவரம்பு போட்டுவிடும். தோற்பவருக்கு அந்தத் தொந்தரவு கிடையாது.

சில சமயம் செய்திக்கு முன்பே விலை ஆடிவிடும். 2010 ஏப்ரலில் மெல்போர்ன் ஸ்டார்ம் அணி சம்பள உச்சவரம்பை மீறிக் கள்ளக் கணக்கு எழுதியது அம்பலமாகி, 2007, 2009 பட்டங்கள் பறிக்கப்பட்டன. அந்த ஆண்டு எத்தனை ஆட்டம் ஜெயித்தாலும் புள்ளி இல்லை என்று தண்டனை. அறிவிப்பு வருவதற்குச் சற்று முன், பட்டம் வெல்லக்கூடிய அந்த அணி கடைசி இடத்துக்கு வரும் என்று சிலர் பணம் கட்டியிருந்தார்கள். அவ்வளவு தீர்க்கதரிசனம் அனாலிசிஸில் வராது.

அதே ஆண்டு ஆகஸ்டில் நடந்தது இன்னும் விசித்திரம். டவுன்ஸ்வில்லில் நார்த் குவீன்ஸ்லாந்து கௌபாய்ஸ் அணியும் கேன்டர்பரி புல்டாக்ஸ் அணியும் மோதின. ஆட்டத்தின் முதல் புள்ளி கௌபாய்ஸின் பெனால்டி உதையாக இருக்கும் என்ற ஒற்றை அம்சத்துக்கு வழக்கத்துக்கு மாறாகப் பணம் குவிந்தது. யாரும் சீண்டாத பந்தயம் அது. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில், புல்டாக்ஸின் ரையன் டேண்டி தம் அணியின் கம்பங்களுக்கு எதிரே தவறு செய்து பெனால்டி கொடுத்தார். எல்லாம் திட்டப்படி. ஆனால் கௌபாய்ஸ் உதைக்கவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு ஓடி, டிரை போட்டுவிட்டார்கள். ஒரு லட்சம் டாலருக்கு மேல் கிடைத்திருக்க வேண்டிய பந்தயம் புஸ்வாணம் ஆனது. 2011இல் டேண்டி குற்றவாளி என்று சிட்னி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014இல், 32 வயதில், அவர் இறந்தார். 2012இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் ஆட்டத்தின் முடிவைக் கெடுத்துப் பந்தயத்தில் சம்பாதிப்பதற்குப் பத்தாண்டு வரை சிறை என்று சட்டம் செய்தது.

ஒரு ஆட்டத்தின் மொத்த முடிவை விலைக்கு வாங்க ஓர் அணியையே வாங்க வேண்டும். முதல் பெனால்டிக்கு ஒரே ஒரு ஆள் போதும். அம்சம் சிறுத்துக்கொண்டே போகப் போக அதை வாங்குவதும் மலிவாகிறது. முதல் டிரை யார், முதல் பாதியில் எத்தனை புள்ளி என்று பட்டியல் நீள்வதில் உள்ள ஆபத்து இதுதான்.

இந்தியாவில் 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே நாடாளுமன்றம் தடை செய்தது. ஆஸ்திரேலியாவின் வழி வேறு. அங்கே பந்தயக் கம்பெனிகள் தரும் கட்டணத்தில் லீக்குக்கே பங்கு உண்டு. 2024 மார்ச்சில் சீசனின் முதல் ஆட்டங்களை லாஸ் வேகாஸுக்குக் கொண்டுபோனதற்கு அமெரிக்கப் பந்தயச் சந்தையும் ஒரு காரணம் என்று லீக் தலைமை வெளிப்படையாகவே சொன்னது. 2023 ஜூனில் பீட்டா மர்ஃபி தலைமையிலான நாடாளுமன்றக் குழு 31 பரிந்துரைகள் தந்தது. மூன்றாண்டுக்குள் படிப்படியாக ஆன்லைன் பந்தய விளம்பரங்களை முழுக்க நிறுத்துவது அதில் முக்கியமானது. மர்ஃபி அந்த டிசம்பரிலேயே இறந்தார். 2024 முடியும்வரை அந்தத் தடை சட்டமாகவில்லை. தானாகவே முன்வந்து பெயரைப் பதிந்து, எல்லாக் கம்பெனிகளிலிருந்தும் விலகிக்கொள்ளும் பதிவேடு 2023 ஆகஸ்டில் வந்தது. 2024 ஜூனில் கிரெடிட் கார்டில் ஆன்லைன் பந்தயம் கட்டுவது நிறுத்தப்பட்டது.

அதற்கு முன்பே, 2018இல், ஒரு விதி வந்தது. நேரடி ஒளிபரப்பில், ஆட்டம் தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பிலிருந்து முடிந்து ஐந்து நிமிடம் வரை, இரவு எட்டரை மணிக்கு முன்னால் பந்தய விளம்பரம் கூடாது. பிள்ளைகள் பார்க்கும் நேரம் என்பது காரணம். வெள்ளிக்கிழமைகளில் பெரிய ஆட்டம் இரவு எட்டு மணிக்குத் தொடங்குகிறது. ஒரு பாதி நாற்பது நிமிடம். இடைவேளை வருவது ஏறக்குறைய எட்டே முக்காலுக்கு.