பொட்டலத்தின் பின்புறம்

ஒரு நாட்டாரின் இயல்பை அறிய விழைவோர் அவர்தம் கோட்டை கொத்தளங்களைக் காண்பதினும் கடைவீதியைக் காண்பதே பயன் தரும். மனிதன் எதனை விரும்பி வாங்குகிறான், எதற்கு விலை பேசுகிறான், எதனைக் குப்பையில் எறிகிறான் என்பவற்றுள் அவனுடைய அகம் பெரிதும் வெளிப்பட்டு விடுகிறது. 2025ஆம் ஆண்டு மே, ஜூன் திங்கள்களில் டோக்கியோ மாநகரில் நம் மகள் வீட்டில் நாற்பது நாள்கள் தங்கியிருந்தோம். கோபுரங்களையும் பூங்காக்களையும் பற்றி எழுதப் பலர் உளர். நாம் எழுதப்புகுவது அடுக்களைக்கும் அங்காடிக்கும் இடையே கண்டவற்றை மட்டுமே.

புதுவை மக்களுக்கு ஜப்பான் முற்றிலும் அயல்நாடன்று. அரவிந்தர் ஆசிரமத்து அன்னை எனப்பெறும் மீரா அல்ஃபாசா அம்மையார் 1916 முதல் 1920 வரை ஜப்பானில் வாழ்ந்து, அங்கிருந்தே புதுவைக்கு வந்து நிலைத்தவர். ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ (1919–2008) தம் நாட்டு மொழிக்கும் தமிழுக்கும் உறவுண்டென நூல்கள் எழுதினார். மொழிநூலார் பெரும்பாலோர் அதனை ஏற்றாரல்லர். மொழியுறவு உண்டோ இல்லையோ, ஒரு தமிழ்ச்சொல் மட்டும் ஜப்பானிய அங்காடிகளில் பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டிருக்கிறது. அது ‘கறி’ என்னும் சொல். ஆங்கிலேயர் வாயிலாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்குச் சென்று ‘கரே’ என வழங்குகிறது. இந்திய விடுதலை வீரர் ராஷ் பிகாரி போஸ் 1915இல் ஜப்பானுக்குத் தப்பிச் சென்று, ஷிஞ்சுக்குப் பகுதியிலுள்ள நகமுராயா என்னும் ரொட்டிக்கடைக் குடும்பத்தாரிடம் அடைக்கலம் பெற்று, அவ்வீட்டு மருமகனானார். 1927இல் அக்கடையார் திறந்த உணவகத்தில் இந்தியக் கறிக்குழம்பை அறிமுகம் செய்தவரும் அவரே.

இவ்வரலாற்றை அறிந்திருந்தமையால் கறிப்பெட்டி ஒன்றை ஆவலோடு கையில் எடுத்தோம். நம் மகள் அதனை வாங்கித் திருப்பிப் பின்புறத்தைப் படித்துவிட்டு, “இதில் பன்றிக் கொழுப்பு கலந்திருக்கிறது அத்தா” என்று மீண்டும் தட்டில் வைத்தாள். நம் மொழியின் பெயரைத் தாங்கி நிற்கும் குழம்பை நாம் தொட இயலாமற் போனது.

அன்று தொடங்கி, பொட்டலத்தின் முன்புறத்தை நாம் பார்ப்பதில்லை; பின்புறத்தையே பார்த்தோம். முன்புறம் படம், பின்புறம் வாக்குமூலம். நிஷி கசாய் பகுதியில் வாழும் நம்மவர் யாவரும் இக்கலையில் தேர்ந்திருக்கின்றனர். 2000ஆம் ஆண்டையொட்டிக் கணிப்பொறிப் பணிக்காக வந்த இந்தியர் பலர் குடியேறிய பகுதி அது. தமிழ்ப் பேச்சு அங்குத் தெருவிலேயே காதில் விழும். ஜப்பானிய எழுத்து ஒன்றும் அறியாத முதியோர்கூட, பன்றியைக் குறிக்கும் சித்திர எழுத்தையும் மதுவைக் குறிக்கும் சித்திர எழுத்தையும் மட்டும் கண்டவுடன் அறிந்துகொள்கின்றனர். மதரஸாவில் அலிஃபும் பாவும் கற்பித்தே ஆண்டுகளைக் கழித்த நாம், பேத்தியிடம் அவ்விரண்டு எழுத்துகளைப் பாடம் கேட்டோம்.

அந்நாட்டுச் சட்டப்படி எறால், நண்டு, கோதுமை, முட்டை, பால், நிலக்கடலை போன்ற ஒவ்வாமை தரும் பொருள்கள் கலந்திருப்பின் பொட்டலத்தில் கட்டாயம் குறிக்க வேண்டும். பன்றியிறைச்சியும் ஜெலட்டினும் குறிக்கப்படுவது நலம் என்னும் பட்டியலில் மட்டுமே உள்ளன. உடலுக்கு ஒவ்வாதவற்றை எண்ணி வகுத்த சட்டம், உள்ளத்துக்கு ஒவ்வாதவற்றை விலக்குவோருக்கும் பாதிவழி துணை வருகிறது. எஞ்சிய பாதியில்தான் இடர்ப்பாடு. ‘பால்மமாக்கி’ என்று ஒரு சொல் எழுதியிருக்கும். அது சோயாவிலிருந்து வந்ததா, விலங்கின் கொழுப்பிலிருந்து வந்ததா என்பது அச்சொல்லில் இராது. ‘மிரின்’ என்னும் இனிப்புச் சமையல் நீர்மத்தில் நூற்றுக்குப் பதினான்கு பங்களவு சாராயம் உண்டு. அது மீன் குழம்பிலும் இருக்கும், காய்கறிக் கூட்டிலும் இருக்கும். சோயாச் சாற்றில் நொதித்தலால் தானே தோன்றும் சிறிதளவு சாராயம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு, இரண்டுக்கும் இடைப்பட்டவை ஐயத்துக்குரியவை என்று நாம் கிதாபுகளில் ஓதிய பாடம், அங்கே நாள்தோறும் மாலையில் கடைத்தட்டின் முன் நின்று எழுதவேண்டிய தேர்வாகி விட்டது.

மீன்கடைக்குச் சென்றால் வேறொரு பாடம். கடலோர ஊரினரான நமக்கு அங்குதான் மனம் நிறைந்தது. ஆயினும் நாம் ஹனஃபி, மருமகனார் ஷாஃபிஈ. கணவாயும் பேய்க்கணவாயும் அவருக்கு ஆகும், நமக்கு ஆகா. ஆகவே ஒரே அடுக்களையில் இரண்டு சட்டிகள் ஏறின. “இரண்டு இமாம்களையும் கண்ணியப்படுத்துவது என் கைகள்தாம்” என்று மகள் நகைத்துக்கொண்டே சொன்னாள்.

இறைச்சிக்கு ஷின் ஓகுபோ நிலையத்தருகே ‘இஸ்லாமியச் சந்து’ எனப்பெறும் சிறு தெருவுக்குச் செல்வோம். வங்காளியும் பாகிஸ்தானியும் நேபாளியும் அங்கே கடை விரித்திருக்கின்றனர். புழுங்கலரிசி, துவரம் பருப்பு, கொத்துமல்லி யாவும் கிடைக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு யோயோகி உஎஹாராவிலுள்ள டோக்கியோ ஜாமிஉப் பள்ளிக்குச் சென்றோம். 1938இல் தாத்தாரிய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளி அது. பழுதுற்று 1986இல் இடிக்கப்பட்டு, துருக்கியர் உதவியால் 2000இல் மீண்டும் எழுந்தது. அதற்கு மூன்றாண்டுகள் முந்தியது 1935இல் திறக்கப்பட்ட கோபே நகரப் பள்ளி. அதன் நிதியில் இந்திய முஸ்லிம் வணிகர்களுக்குப் பெரும் பங்குண்டு. 1945இன் குண்டுவீச்சையும் 1995இன் நிலநடுக்கத்தையும் தாங்கி அது இன்றும் நிற்கிறது.

இனி ஜப்பானியர் உண்ணும் முறையைச் சொல்வோம். 675ஆம் ஆண்டில் தெம்மு மன்னர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியைத் தடைசெய்தார். 1872இல் மெய்ஜி மன்னர் மாட்டிறைச்சி உண்டதாக அறிவிக்கப்பட்ட பின்னரே இறைச்சி அங்குப் பரவலாயிற்று. ஆகவே சோறும் மீனும் காயுமே அவர்களின் தொன்மை உணவு. உண்ணத் தொடங்குமுன் ‘இததாக்கிமஸ்’ என்பர். ‘பணிவோடு பெற்றுக்கொள்கிறேன்’ என்பது பொருள். நம் பிஸ்மில்லாஹ்வுக்கு அது ஈடாகாது. அதில் படைத்தவனின் பெயர் இல்லை. எனினும், உணவு தன் உரிமையன்று, தனக்குக் கிடைத்த கொடை என்னும் நினைவு அதில் இருக்கிறது.

தெருமுனை தோறும் இரவும் பகலும் திறந்திருக்கும் சிறுகடைகள் உள்ளன, ‘கொம்பினி’ என்பர். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் நாடெங்கும் உள்ளன. சோற்றுருண்டையைக் கடற்பாசித் தாளில் சுற்றி, தாள் நமுத்துப் போகாதபடி இடையே மெல்லிய உறையிட்டு, பிரிக்கும் வழியை 1, 2, 3 என்று எண்ணிட்டு விற்கின்றனர். 2019 அக்டோபரில் நுகர்வு வரியை உயர்த்தியபோது, உணவை வீட்டுக்கு எடுத்துச் சென்றால் நூற்றுக்கு 8, கடையிலேயே அமர்ந்து உண்டால் 10 என வகுத்தனர். ஒரே சோற்றுருண்டைக்கு உட்காரும் இடத்தைப் பொறுத்து இரண்டு வரி! பொட்டலமோ அளவு கடந்தது. பெட்டிக்குள் உறை, உறைக்குள் தட்டு, தட்டில் ஒவ்வொரு பிஸ்கத்துக்கும் தனிச்சட்டை. மந்தாரை இலையில் மடித்துத் தந்ததை வாங்கி வளர்ந்த நமக்கு, உண்டதைவிட உரித்ததே மிகுதியாகத் தோன்றிற்று.

நாம் சென்ற வேளை அரிசிக்கு முடை வந்த வேளை. ஐந்து கிலோ அரிசி சராசரியாக நாலாயிரம் யென்னைத் தாண்டி, ஓராண்டுக்கு முன்பிருந்ததைப்போல் இருமடங்காயிற்று. அரசு தன் கையிருப்பு அரிசியை வெளியிட்டு, மே மாத இறுதியில் ஏறத்தாழ இரண்டாயிரம் யென்னுக்குச் சில கடைகளில் விற்கச் செய்தது. விடியுமுன்பே முதியோர் வரிசையில் நின்றனர். நியாயவிலைக் கடை வரிசையைப் பார்த்துப் பழகிய நமக்கு அக்காட்சி வியப்பளிக்கவில்லை. ஆயினும் செல்வம் கொழிக்கும் நகரில் அதனைக் கண்டது மனத்தில் தைத்தது. உணவின் கலோரிக் கணக்கில் நூற்றுக்கு 38 பங்கை மட்டுமே தன் மண்ணில் விளைவிக்கும் நாடு அது. உறை எத்துணை அழகாயினும் உள்ளே இருப்பது விளைந்தாக வேண்டுமன்றோ!

இரவு எட்டு மணிக்கு மேல் பேரங்காடிக்குச் சென்றால், ஊழியர் ஒருவர் சிவந்த சீட்டுகளை ஏந்தி வருவார். அன்றே தீரவேண்டிய உணவுகளின் மேல் முதலில் நூற்றுக்கு இருபது குறைவு, பின் முப்பது, கடையாகப் பாதிவிலை என்று ஒட்டிச் செல்வார். மக்கள் ஆரவாரமின்றிக் காத்திருந்து எடுப்பர். வீணாவது கண்டு வருந்தும் ‘மொத்தாய்னாய்’ என்னும் சொல் அவர்கள் நாவில் எப்போதும் உண்டு. அப்படியிருந்தும் 2022ஆம் நிதியாண்டில் உண்ணத்தக்க நிலையில் அங்கே எறியப்பட்ட உணவு ஏறத்தாழ 47 இலட்சம் டன். அதில் பாதி கடைகளிலும் தொழிற்கூடங்களிலும், பாதி வீடுகளில். அதனை அவர்கள் மறைக்கவில்லை. 2019இல் இதற்கெனவே ஒரு சட்டம் இயற்றி, ஆண்டுதோறும் நிறுத்துப் பார்த்து வெளியிடுகின்றனர்.

இவ்வளவையும் கண்டும் நம்மை உலுக்கியது எட்டு வயதுப் பேத்தியின் பேச்சே. அங்குப் பள்ளிகளில் நண்பகல் உணவு பள்ளியிலேயே சமைத்து, பிள்ளைகளே வெள்ளை மேலாடை அணிந்து பரிமாறி உண்பர். மாதத் தொடக்கத்திலேயே ஒவ்வொரு நாள் உணவும் அதில் சேரும் பொருள்களும் அச்சிட்டு வீட்டுக்கு வந்துவிடும். நம் மகள் அப்பட்டியலை அடுக்களைச் சுவரில் ஒட்டியிருந்தாள். பன்றியிறைச்சிக் குழம்பு நாளில் ஆட்டிறைச்சிக் குழம்பு; மிரின் சேர்ந்த மீன் நாளில் சேராத மீன். தோழியர் தட்டுக்கும் மகள் பெட்டிக்கும் தோற்றத்தில் வேறுபாடு தெரியலாகாதென்று விடியற்காலையில் எழுந்து சமைப்பாள். மார்க்கத்தைக் காக்கும் போராட்டம் வாளேந்தியவர்களால் மட்டும் நடப்பதன்று; ஒரு சிறு சோற்றுப்பெட்டிக்குள்ளும் நடக்கிறது.

ஒருநாள் பேத்தி கேட்டாள்: “நன்னா, என் தோழிகளுடைய சோறு அல்லாஹ்வுக்குப் பிடிக்காதா?”

“அவர்கள் தட்டைப் பற்றி நம்மிடம் கேள்வி இல்லை கண்ணே. நம் தட்டைப் பற்றித்தான் நம்மிடம் கேள்வி” என்றோம்.

சற்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “எங்கள் வகுப்பில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கமாட்டோம். சாரத்தில் கல்யாணத்துக்கு வந்தோமே, அங்கே எவ்வளவு பிரியாணியைக் கொட்டினார்கள்! அது ஹலால்தானே நன்னா?”

நாம் கூறிய விடையைக் குழந்தை தலைகீழாகத் திருப்பி நம் பின்புறத்தைப் படித்துவிட்டாள். ஆம், அது ஹலாலான இறைச்சிதான். பிஸ்மில்லாஹ் கூறி அறுத்ததுதான். ஆனால் வீண்விரயம் ஹராமாயிற்றே! இஸ்ராஃபைக் கண்டித்த மார்க்கம், கீழே விழுந்த கவளத்தையும் தூசி நீக்கி உண்ணச் சொன்ன மார்க்கம் நம்முடையது. எந்தப் பருக்கையில் பர்கத் இருக்கிறதென்பதை நீங்கள் அறியமாட்டீர்கள் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை. சஹனில் நால்வர் அமர்ந்து வழித்து உண்ட முறை நம் முன்னோரின் முறை. இன்றோ மண்டபங்களில் இலைக்கு இலை மலைபோல் குவித்து, பாதியை மடித்துவிட்டு எழுகிறோம். இறைச்சி அறுபட்ட முறையைத் துருவித் துருவி வினவும் நாம், அது சென்று சேர்ந்த குப்பைத்தொட்டியைப் பற்றி வினவுவதில்லை. பொட்டலத்தின் பின்புறத்தைப் படிப்பது போல விருந்தின் பின்புறத்தையும் படிக்க வேண்டாவா?

ஜப்பானியரிடமிருந்து நாம் மார்க்கத்தைக் கற்க வேண்டியதில்லை. கணக்குப் பார்க்கும் பழக்கத்தைக் கற்கலாம். ஊர் திரும்பியபின் நம் மஹல்லாவில் மூன்று செய்திகளைச் சொல்லி வருகிறோம். ஒன்று: நிகாஹ் விருந்தில் முதற்படி குறைவாகவும், கேட்பவருக்கு மறுபடியும் வைத்தல் வேண்டும். இரண்டு: அண்டாவில் எஞ்சியதை அன்றே பெற்றுச் செல்வோர் யாரென்று விருந்துக்கு முன்பே பேசி வைத்தல் வேண்டும். மூன்று: எத்தனை படி அரிசி ஏறியது, எத்தனை கூடை வெளியே சென்றது என்பதை விருந்து வீட்டார் குறித்து வைத்தல் வேண்டும். முதலிரண்டையும் கேட்டோர் தலையசைக்கின்றனர். மூன்றாவதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கின்றனர். நாம் அதனையே வலியுறுத்துகிறோம். ஒவ்வொரு நிஃமத்தைப் பற்றியும் கணக்குக் கேட்கப்படும் நாளொன்று உண்டென நம்புவோர், இம்மையில் ஒரு தாளில் அதனை எழுதிப் பார்க்க அஞ்சலாமா?

வல்ல இறைவன் நம் உணவைத் தூயதாகவும், நம் கைகளை அளவறிந்தனவாகவும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.